உள்ளே நின்ற இழை

காஞ்சிபுரம்
13.2.2023

குமரகுரு,

மாப்பிள்ளை என்று பதினோரு வருஷம் கூப்பிட்டேன். இனி அந்தச் சொல் என் வாயில் வராது. சிறைக்குத் தபால் போகும் என்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

வலது தொடையில் நீ குத்திய இடம் இளநீர்க்காய் அளவுக்கு வீங்கியிருக்கிறது. கத்தரி மூன்று அங்குலம் இறங்கியதாம். பெரிய ரத்தக் குழாய்க்கு ஒரு விரற்கடை தள்ளி. மேலே மூன்று தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். நான்காம் நாள் பல் தந்தியடிக்கும் குளிர்க் காய்ச்சல். மறுபடியும் வந்து படுத்துவிட்டேன்.

போலீசிடம் நீ என்ன கதை சொன்னாயோ தெரியாது. நடந்தது இது. ஆறாம் தேதி திங்கட்கிழமை, என் தங்கை துர்காதேவியின் முதல் தெவசம். உன் பெண்டாட்டி செத்து ஒரு வருஷம் முடிந்த நாள். படையலுக்கு வாழையிலைக் கட்டைத் தூக்கிக்கொண்டு உன் வாசலுக்கு வந்தால், உள்ளே தறிச் சத்தம் கேட்கிறது. தெருக்கோடியில் சாவு விழுந்தாலே தறியை நிறுத்துகிற பெரிய காஞ்சிபுரத்தில், நீ உன் பெண்டாட்டி தெவசத்தன்று நெய்துகொண்டிருந்தாய். உன் கத்தரியை எடுத்து, தறியில் நீள இழுத்துக் கட்டிய பாவு இழைகளை அறுத்தேன். ஆமாம், நான்தான் அறுத்தேன். ஒரு கரையிலிருந்து மறுகரை வரைக்கும் அறுத்தேன். நீ தறிக்குழியிலிருந்து ஏறி வந்து கத்தரியைப் பிடுங்கி என் தொடையில் இறக்கினாய். அதோடு விட்டாயா? விரலை உள்ளே விட்டுத் திருகினாய். மாடு அறுப்பவன்கூட அப்படிச் செய்ய மாட்டான். அந்த வலியில்தான் எனக்கு நினைவு போயிற்று.

இங்கே டாக்டர், "காய்ச்சல் வந்தா பயப்படாதப்பா, உடம்பு சண்ட போட்டுக்கினு இருக்குதுன்னு அர்த்தம்" என்கிறார். அந்தச் சண்டையில் ஜெயிக்க எனக்கு ஆசை இல்லை. நான் பிழைத்தால் உன் மேல் கொலை முயற்சி வழக்கு. சில வருஷத்தில் வெளியே வந்து அதே குழியில் உட்காருவாய். நான் செத்தால் கொலை வழக்கு. எஸ்.ஐ. நேற்று வாக்குமூலம் வாங்க வந்தார். காய்ச்சலில் இருப்பவன் சொன்னால் செல்லாது என்று திரும்பிப் போனார். காய்ச்சல் இறங்க வேண்டாம் என்று ஏகாம்பரநாதரை வேண்டிக்கொள்கிறேன்.

துர்காவைக் கொன்றதற்கு உன்னை எந்தக் கோர்ட்டும் கேட்கவில்லை. என்னைக் கொன்றதற்காவது கேட்கட்டும்.

தேவேந்திரன்

மத்தியச் சிறை
18.2.2023

மச்சானுக்கு,

உங்களுக்குப் பதில் எழுதக் கூடாது என்று வக்கீல் சொல்கிறார். எழுதினால் சாட்சியை மிரட்டியதாகிவிடுமாம். இதைச் சிறை அதிகாரி படித்து முத்திரை குத்தித்தான் அனுப்புவார். படிக்கட்டும்.

குத்தியது நான். யாரிடமும் வேறு கதை சொல்லவில்லை. மற்றதைக் கேளுங்கள்.

நீங்கள் அறுத்த பாவு எது என்று தெரியுமா? போன வருஷம் தை மாதம் துர்கா பிணைத்தது. பழைய பாவின் முனையோடு புதுப் பாவின் முனையை இழைக்கு இழை முறுக்கிப் பிணைக்க அவளைப் போல் கைவேகம் நம் தெருவில் யாருக்கும் இல்லை என்று நீங்களே சொல்வீர்கள். நாலாயிரத்து எண்ணூறு இழை. இரண்டு நாள் தறியின் பின்னால் உட்கார்ந்து, சாம்பல் தொட்டு, எண்ணி எண்ணி முடித்தாள். அதற்கடுத்த வாரம் உங்கள் வீட்டுக்கு வந்தாள். காலில் கட்டோடு திரும்பினாள். அப்புறம் அவள் இல்லை. ஒரு வருஷம் அந்தத் தறியை நான் தொடவில்லை. ஒரு பழைய வேட்டியைப் போர்த்திவிட்டு, அடுத்த தெருவில் தேய்ந்த தறி ஒன்றில் கூலிக்கு நெய்தேன். தெவசத்தன்று அவள் கை பட்ட பாவில் ஒரு முழம் நெய்து, அதை அறுத்துப் படையலில் வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். அரை முழம் ஆகியிருந்தது.

நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

விரலை விட்டுத் திருகியதாக எழுதியிருக்கிறீர்கள். கத்தரியை உருவியதும் ரத்தம் குழாயைத் திறந்துவிட்டது போல் வந்தது. நீங்கள் அறுத்துப் போட்ட பாவிலிருந்து ஒரு பிடி இழையை அள்ளி முறுக்கி, புண்ணுக்குள் வைத்து அழுத்தினேன். அதன் மேல் இறுக்கிக் கட்டினேன். கை அறுந்தால் நம் தெருவில் எல்லோரும் செய்வதுதான். பட்டுக்குத் தீட்டில்லை என்று சொல்லிச் சொல்லித்தானே வளர்த்தார்கள். உங்களைத் தோளில் போட்டு லோகேஷ் ஆட்டோவில் ஏற்றியது நான். ஆஸ்பத்திரி வாசலில் உங்கள் பங்காளி அருள் என் முன்பல் இரண்டை உடைத்தபோது ஓடாமல் நின்றதும் நான்தான். போலீஸ் வரும்வரை அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

நன்றி கேட்கவில்லை. திருகவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

குமரகுரு

காஞ்சிபுரம்
23.2.2023

குமரகுரு,

அது அவள் பிணைத்த பாவு என்று தெரிந்திருந்தால் பாவை அறுத்திருக்க மாட்டேன். உன் கழுத்தை அறுத்திருப்பேன்.

நேற்றுத் தையலைப் பிரித்தார்கள். கம்பவுண்டர் இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அரை டம்ளர் சீழ், மஞ்சளும் பச்சையுமாக, சுவர் வரைக்கும் தெறித்தது. நான் கத்திய கத்தலில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். கம்பவுண்டர் சிரித்துக்கொண்டே, "சீழ்னா என்னான்னு நெனச்சப்பா? உன் ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணுங்கதான். கிருமிய முழுங்கி முழுங்கி செத்துப் போனதுங்க. மொத்தமும் பொணம்" என்றார். கழுவித் திரும்பவும் மூடினார்கள். இன்று காலை மறுபடியும் காய்ச்சல் நூற்று நான்கு. சிவப்பு இடுப்பு வரைக்கும் ஏறிவிட்டது. பேனாவால் அதன் விளிம்பில் கோடு போட்டார்கள். மத்தியானம் பார்த்தால் சிவப்பு கோட்டைத் தாண்டிவிட்டது. பத்து நாளுக்கு மேலாக ஊசி. எதற்கும் அடங்கவில்லை. சென்னைக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள்.

இப்படித்தானே துர்காவும் கிடந்திருப்பாள்? அவள் குதிகாலில் தகரம் கிழித்தது என் வீட்டில். நானே உட்கார்ந்து சுத்தமாகக் கட்டுப் போட்டு உன்னிடம் அனுப்பினேன். நடந்துதான் வந்தாள். உன் வீட்டில் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தாள். மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு நீ தறியில் உட்கார்ந்தாய். நான்காம் நாள் தூக்கிக்கொண்டு ஓடியபோது, ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். ஏழாம் நாள் பாடையில் போனாள்.

அந்த மூன்று நாளில் ஒரு நாளாவது அவள் காலைத் திறந்து பார்த்தாயா? அதை மட்டும் எழுது.

நான் இருந்தால் படிக்கிறேன்.

தேவேந்திரன்

மத்தியச் சிறை
3.3.2023

மச்சானுக்கு,

வக்கீல் நேற்று வந்தார். உங்களுக்கு நினைவில்லை, மிஷின்தான் மூச்சு விடுகிறது, சிறுநீர் இறங்கவில்லை என்று சொன்னார். இன்னும் இரண்டு நாளில் நீங்கள் போய்விட்டால் வழக்குப் பிரிவைக் கொலை என்று மாற்றிவிடுவார்களாம். அதற்குத் தயாராக இரு என்றார்.

தயாராக என்ன இருக்கிறது? ஒரே கத்தரியால் ஒரே ஒரு குத்து. முக்கால் அங்குல வாய். தறியில் இதைவிடப் பெரிய காயம் பட்டு மறுநாள் உட்கார்ந்து நெய்திருக்கிறோம். இது ஏன் ஆறவில்லை என்று எனக்குப் புரியவில்லை. குத்தும்போது கொல்லத்தான் நினைத்தேன். இதை அதிகாரி படிப்பார் என்று தெரிந்தே எழுதுகிறேன். கத்தரியை உருவும்போது அந்த நினைப்பு இல்லை.

கேட்டதற்குப் பதில் இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. நீங்கள் படிக்க முடியாதபோது எழுதி என்ன பயன்?

குமரகுரு

மத்தியச் சிறை
14.3.2023

மச்சானுக்கு,

பதில் இல்லை. செத்துவிட்டீர்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் இங்கே சாப்பாட்டு வரிசையில் ஒரு சண்டை. தட்டின் விளிம்பால் ஒருவன் என் புருவத்தில் வெட்டினான். எலும்பு தெரிந்தது. நான் அவனைக் கீழே தள்ளி, தலையைத் தரையில் மூன்று முறை மோதினேன். நான்காவது முறைக்கு முன்னால் சின்னப்பையன் என் கையைப் பிடித்தார். பேர்தான் சின்னப்பையன். வயது அறுபத்திரண்டு. ஆயுள் கைதி. சிறை ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறார்.

கட்ட ஏதாவது நூல் கொடுங்கள் என்று கேட்டேன். "நூலா? இன்னாத்துக்கு? சும்மா கெட. கண்டதையும் உள்ள வெச்சா உள்ள இருக்கிறவன் எப்டிபா வேல செய்வான்?" என்றார். சோப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினார். நான் துடித்தேன். ஒரு வெள்ளைத் துணியால் மூடினார். தினம் அதை மாற்றினார். அவ்வளவுதான். மூன்றாம் நாள் சுற்றிலும் சிவந்து சூடாக இருந்தது. "சூடா இருக்குதா? வேல நடக்குது" என்றார். ஐந்தாம் நாள் சூடு இறங்கியது. நேற்று பொருக்கு விழுந்துவிட்டது.

இவ்வளவு பெரிய வெட்டு எட்டு நாளில் ஆறிவிட்டது. உங்களுடையது ஏன் ஆறவில்லை, துர்காவுடையது ஏன் ஆறவில்லை என்று அப்போதிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசனை ஒரே இடத்தில் போய் நிற்கிறது. அதை எழுதக் கை வரவில்லை.

குமரகுரு

சென்னை
27.3.2023

குமரகுரு,

இதை நானே எழுதுகிறேன். இடது கையில் இரண்டு விரல் நுனி கறுத்து உதிர்ந்துவிட்டது. வலது காலில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். வலது கை தப்பியது. பாதியில் நிறுத்தி நிறுத்தி மூன்று நாளாக எழுதுகிறேன். இதைத் தபாலில் போடவில்லை. உன் வக்கீல் கையில் கொடுத்து அனுப்புகிறேன். சிறையில் படிக்கிறவர்கள் இதைப் படிக்கக் கூடாது.

பதினெட்டு நாள் எனக்குத் தெரியாது. இங்கே டாக்டர் அபிநயா என்று ஒரு பெண். மாகறல் பக்கம், விவசாயக் குடும்பம். மூன்று முறை என் தொடையைத் திறந்து செத்த சதையை வெட்டி எடுத்திருக்கிறாள். இப்போது அங்கே என் கை முஷ்டி போகும். மூன்றாவது முறை அடியில் கறுப்பாக ஏதோ தெரிய, இடுக்கியால் பிடித்து இழுத்திருக்கிறாள். கண் விழித்த பிறகு ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை என் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

"இது என்னப்பா? நாங்க போட்ட தையல் இல்ல இது."

நான்கு விரல் நீளம். மூன்று இழை முறுக்கு. கழுவியிருந்ததால் நிறம் தெரிந்தது. அரக்கு. முதல் நாள் ஆஸ்பத்திரியில் நீ வைத்த பிடியை உருவியபோது இது மட்டும் அடியில் நின்றுவிட்டிருக்கிறது.

பட்டு என்று சொன்னேன். காயத்தில் பட்டு வைத்துக் கட்டுவோம் என்றும் சொன்னேன். "எங்க ஊர்ல சாணி வெப்பாங்க. உங்க ஊர்ல பட்டா? பணக்காரக் கிருமிபா உங்களுது" என்று சிரித்தாள். பக்கத்தில் இருந்த நர்ஸ் வள்ளியும் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் அவள் கட்டிலில் உட்கார்ந்து சொன்னதைக் கேட்டேன். சிரிப்பு போய்விட்டது.

வெறும் காயத்தில் கிருமி லட்சக்கணக்கில் விழுந்தாலும் உடம்பு சமாளித்துவிடுமாம். உள்ளே நூல் இருந்தால் சில நூறு போதுமாம். முறுக்கின இழைக்கு இடையில் உள்ள சந்தில் கிருமி நுழைந்துகொள்ளும். அதைத் தின்ன வருகிற வெள்ளை அணு உருவத்தில் பெரியது, அந்தச் சந்துக்குள் போக முடியாது. வெளியே நின்று விஷத்தைக் கொட்டிக் கொட்டிச் சாகும். அடுத்த கூட்டம் வரும், அதுவும் சாகும். ஊசி மருந்தும் அங்கே சரியாக எட்டாது. நூல் உள்ளே இருக்கிற வரைக்கும் சண்டை முடியாது. கடைசியில் உடம்புக்கு வெறி பிடித்துவிடுகிறது. "ஒரு திருடனப் பிடிக்க ஊரையே கொளுத்துற மாதிரி. ரத்தக் குழாய் ஒழுகுது, பிரஷர் எறங்குது, கிட்னி நிக்குது. உங்க வெரலக் கருக்கினது கிருமி இல்ல, உங்க உடம்புதான்" என்றாள்.

கத்தரிக் குத்து பத்து நாளில் ஆறியிருக்குமாம். நீ என்னைக் காப்பாற்ற வைத்ததுதான் என்னைக் கொல்லப் பார்த்தது.

உன்னைத் திட்டத்தான் அன்று பேனா கேட்டேன். பேனா வந்த பிறகு எழுதவில்லை. எனக்கு வேறொன்று ஞாபகம் வந்துவிட்டது.

துர்காவின் குதிகாலில் நான் கட்டுப் போட்டேன் என்று எழுதினேன் அல்லவா? எதனால் கட்டினேன் என்று எழுதவில்லை. எழுத வேண்டியதாகவே அன்று தோன்றவில்லை. என் தறியிலிருந்து அரக்குப் பட்டு எடுத்து, மஞ்சள் தடவி, முறுக்கி உள்ளே வைத்தேன். "அண்ணா வலிக்குதுண்ணா, வேணாம்ணா" என்றாள். "சும்மா இரும்மா, பட்டு குளிர்ச்சி" என்று சொல்லிக் காலைப் பிடித்து அழுத்தினேன். தமாஷாக மண்டையில் ஒரு குட்டும் வைத்தேன்.

ஒரு வருஷமாகத் தெருவில் உன்னைப் பார்க்கும்போதெல்லாம் கொலைகாரன் என்று காறித் துப்பியிருக்கிறேன். உன் முகத்திலேயே ஒருமுறை துப்பினேன். நீ துடைத்துக்கொண்டு போனாய்.

கேட்ட கேள்விக்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. அவள் காலைத் திறந்து பார்த்தாயா? நீ திறக்கவே இல்லை, நான் வைத்தது வைத்தபடி இருந்தது என்றால், அவளைக் கொன்றது நான்தான். வேறு யாரும் இல்லை. அப்படியென்று ஒரு வரி எழுது, போதும். எஸ்.ஐ. பத்தாம் தேதி மறுபடியும் வருகிறார். கத்தரி என் கையில் இருந்தது, குழியில் கால் இடறி விழுந்ததில் இறங்கிவிட்டது என்று சொல்லிக் கையெழுத்துப் போடுகிறேன். நீ வீட்டுக்குப் போகலாம். என் தங்கையைக் கொன்றுவிட்டு உன்னை உள்ளே வைத்திருக்க எனக்கு யோக்கியதை இல்லை.

தேவேந்திரன்

மத்தியச் சிறை
2.4.2023

மச்சானுக்கு,

இதைத் தபாலிலேயே போடுகிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

வக்கீல் உங்கள் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "ஒரு வரிதாம்பா. எழுதிக் குடுத்துட்டு ஊட்டுக்குப் போய்க்கினே இரு" என்றார். அவருக்குச் சந்தோஷம். நான் நாலு நாள் சட்டையில் வைத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல ஆசைதான். இல்லை, ஒரு நாள்தான் வைத்திருந்தேன். அந்த ஒரு நாளும் அந்த ஒரு வரியை எழுதிவிடத்தான் நினைத்தேன்.

திறந்து பார்த்தேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம். குதிகால் வீங்கி, தொட்டால் கொதித்தது. கட்டை அவிழ்த்தேன். மேல் சுற்று வந்துவிட்டது. உள்ளே இருந்த முறுக்கு வரவில்லை. சதையோடு ஒட்டியிருந்தது. பிடித்து இழுத்தேன். அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். என்னைக் காலால் உதைத்தாள். "வேணாங்க, வுட்ருங்க, உங்களக் கும்புடுறேன்" என்றாள். சீழும் ரத்தமுமாக என் கையில் வழிந்தது. இன்னும் ஒரு இழுப்பு இழுத்திருந்தால் வந்திருக்கும். அவள் அழுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைக் கத்தரியால் தோலோடு ஒட்ட அறுத்தேன். தறியில் அறுந்த இழையைக் கத்தரித்து விடுவோமே, அப்படி. மேலே பார்க்கச் சுத்தமாக இருந்தது. "அவ்ளோதாம்மா, எடுத்தாச்சு" என்று சொன்னேன். அவள் நம்பினாள். என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள். மூன்றாம் நாள் நான் தறியில் உட்கார்ந்தது அந்த நம்பிக்கையில்தான். எடுக்கவில்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அதைத் தெரியாதது போல் வைத்துக்கொண்டேன்.

நீங்கள் துப்பியபோது துடைத்துக்கொண்டு போனது பொறுமையால் அல்ல.

உங்களைக் குத்தியதும் அதே கத்தரிதான்.

எஸ்.ஐ. வரும்போது நான் குத்தினேன் என்று சொல்லுங்கள். கால் இடறவில்லை.

குமரகுரு

சென்னை
11.4.2023

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் ஏழாம் தேதி வந்தது. படித்துவிட்டுக் கையில் கிடைத்த தண்ணீர்ச் சொம்பைச் சுவரில் எறிந்தேன். அது நர்ஸ் வள்ளியின் காதோரம் போயிற்று. அவள் என்னைத் திட்டினாள். அன்று முழுக்க உங்களைக் கொல்ல வேண்டும் போல் இருந்தது. மறுநாள் என்னை. இன்று இரண்டும் இல்லை.

எஸ்.ஐ. நேற்று வந்தார். பாவை அறுத்தது நான், குத்தியது நீங்கள், கட்டி ஆட்டோவில் ஏற்றியது நீங்கள் என்று நடந்த வரிசையில் சொன்னேன். எழுதிக்கொண்டார். கடைசியில், "வேற எதனா இருக்குதா?" என்று கேட்டார். துர்காவைப் பற்றிச் சொன்னேன். உங்கள் பங்கையும் என் பங்கையும் சொன்னேன். பேனாவை மூடிவிட்டு, "இதுக்கெல்லாம் செக்‌ஷன் இல்லீங்க" என்றார்.

புண்ணை இன்னும் மூடவில்லை. மேலே மூடினால் உள்ளே மறுபடியும் பிடித்துக்கொள்ளும், அடியிலிருந்து சதை தானாக ஏறி வரவேண்டும் என்கிறாள் டாக்டர். மூன்று மாதம் ஆகுமாம். தினமும் காலையில் வள்ளி சுத்தமான துணித் துண்டுகளை உள்ளே வைத்து, மறுநாள் எடுக்கிறாள். வைக்கும்போது வாய்விட்டு எண்ணி, சீட்டில் எழுதுகிறாள். எடுக்கும்போதும் எண்ணுகிறாள். இன்று ஐந்து வைத்தாள். நாளை ஐந்தும் வெளியே வந்த பிறகுதான் கை கழுவுவாள்.

நாலாயிரத்து எண்ணூறு இழையை ஒன்று குறையாமல் எண்ணிப் போடுகிறவர்கள் நாம். அவள் காலில் வைத்ததை நானும் எண்ணவில்லை. எடுத்ததை நீங்களும் எண்ணவில்லை.

தேவேந்திரன்